வாங்க என்று கூப்பிட்டவன்

லாம்பைக் கொஞ்சம் தணியுங்கள். கரண்ட் இன்றைக்கு வராது. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாளில் கம்பி எங்காவது அறுந்துதான் கிடக்கும். நெருங்கி உட்காருங்கள். தறியில் மட்டும் சாய வேண்டாம், நூல் அறுந்தால் தறிக்காரர் இப்றாஹிம் நம்மை உரித்துவிடுவார். அந்தப் பாயின் மூலையில் யாரும் உட்காராதீர்கள்... ஓம், அந்த இடம்தான். ஏனென்று இப்போது கேட்கக் கூடாது. கண் எரிகிறதா? எரியட்டும். அந்தப் புகையின் கதைதான் இது.

சூறாவளி அடித்த மறு வருசம். ஆவணி மாதம். பின்னேரம் அஸர் தொழுது அரை மணி நேரம் கழிந்திருக்கும். சவளக்கடையைத் தாண்டி, வயல் முடிகிற இடத்திலிருந்து மேற்கே ஒரு கிறவல் ரோடு போகும். வீடு இல்லை. கடை இல்லை. மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மனித முகம் கிடையாது. அந்த ரோட்டில் ஓர் உழவு மிசின் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பூட்டிய வெறும் இழுவைப் பெட்டி... கடகடவென்று.

ஓட்டியவன் பதியுதீன். நம்முடைய இப்றாஹிமின் பெண்சாதிக்குத் தம்பி. சாய்ந்தமருதில் கல்யாணம் கட்டி, பெண்சாதி வீட்டிலேயே இருந்தவன். மிசின் இப்றாஹிமுடையது, ஓட்டம் இவனுடையது. நல்ல மனுசன், கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்குக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. அவனுடைய மகள் சுஹறாவுக்கு ஆறு வயது. மூன்று கிழமையாக அவளுக்கு இழுப்பு. படுத்தால் நெஞ்சு விசில் அடிக்கும். இரவு முழுக்கப் பிள்ளை உட்கார்ந்தே இருக்கும். புகை படாத இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மருந்துத் துண்டை எழுதும்போது அவரே இரண்டு தரம் இருமினார்.

புகை படாத இடம் எங்கே இருந்தது? மேற்கே காடு காடாக எரிந்தது. கச்சான் அதை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கடற்கரையில் கொட்டியது. கொடியில் காயப்போட்ட சட்டையில் சாம்பல். கிணற்றுத் தண்ணீரின் மேல் சாம்பல். இதே கொட்டிலில் வெள்ளை நூல் ஒரே இரவில் மங்கிப்போய், இப்றாஹிம் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

அன்று வீட்டை விட்டு வெளிக்கிடும்போது பெண்சாதி றாஹிலா வாசலை மறித்து நின்றாள்.

“நீங்க அங்க கொளுத்திறது இஞ்ச எண்ட புள்ளட நெஞ்சுக்குள்ள வருது.”

“நான் கொளுத்திறல்ல கிளி. ஆக்கள ஏத்தி இறக்கிறதுதான் எண்ட வேல. நான் போகாட்டி வேற ஒருத்தன் போவான்.”

“ஏத்தாட்டி எப்பிடிக் கொளுத்துவாங்க?”

“பெய்த்து வாறன்” என்று விடை சொல்லி மிசினை எடுத்தான். ரோடு நெடுக அந்தக் கேள்வி முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

எரியப் போவது வீரையடிக் காடு. சூறாவளியில் அங்கே கொஞ்ச மரம் விழுந்தது உண்மை. விழுந்த மரத்தை எடுக்க முகம்மது தம்பி முதலாளி பெர்மிட் வாங்கியதும் உண்மை. ஆனால் பெர்மிட் கையில் வந்த நாளிலிருந்து நின்ற மரம் எல்லாம் விழ ஆரம்பித்தது. முதிரை, பாலை, வீரை... மூன்று பேர் கைகோர்த்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரங்கள். பகலில் விழுத்தி, இரவில் ஏற்றி, யாராவது கேட்டால் சூறாவளி என்பார்கள். அந்தச் சூறாவளி ஒன்பது மாதமாக அடித்துக்கொண்டிருந்தது.

காடு வெட்டி எரிப்பதில் பழைய ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. நெருப்பு வைப்பதற்கு முதல் நாள் அஸருக்குப் பிறகு ஒருவர் காட்டோரம் நின்று சலாம் சொல்லி மூன்று தரம் குரல் கொடுப்பார். நாளைக்கு நெருப்பு, உள்ளே இருக்கிறவர்கள் புறப்படுங்கள் என்று. தேன் எடுக்கப் போனவன் இருக்கலாம், மாடு தேடிப் போனவன் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாதவர்களும் இருக்கலாம். ஒவ்வொரு குரலுக்கும் பிறகு ஒரு ஃபாத்திஹா ஓதுகிற நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தை நெருப்பு வைக்காமல் திறந்து விடவும் வேண்டும். அந்த வேலையைச் செய்து வந்தவர் ஊருக்கே அண்ணன் மாதிரியான மாவடிப்பள்ளி மீராமுகைதீன் காக்கா. வெட்டுக்காரர்களுக்கு அவர்தான் தலைவர்.

இந்த முறை நாலு பக்கமும் வைக்கச் சொன்னார் முதலாளி. காக்கா முடியாது என்றார். வாய்த் தர்க்கம் முற்றி, அன்று காலையிலேயே கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். போகிற வழியில் பதியுதீனைக் கண்டு ஒன்றுதான் சொன்னார்.

“கூப்பிடாம மட்டும் நெருப்பு வைக்க உட்டுராத.”

எப்படிக் கூப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

காட்டில் இதைச் சொன்னபோது மற்ற வெட்டுக்காரர்கள் சிரித்தார்கள். குரல் கொடுக்க ஒருவனும் முன்வரவில்லை. சரி, நானே கத்திவிட்டு வருகிறேன் என்று பதியுதீன் ரோட்டின் வடக்குப் பக்கம் போய், மிசினை நிறுத்தி, காட்டோரம் நின்றான்.

வெட்டிப் போட்ட கொப்புகள் காய்ந்து ஒரு புளித்த வாசம். பாலை மரத்தின் பால் வெயிலில் உறைந்து கறுத்திருந்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும்! உள்ள இரிக்கிற ஆக்களே... நாளைக்கு இஞ்ச நெருப்பு! வெளிய வாங்க!”

ஃபாத்திஹா ஓதினான். ஒன்றும் இல்லை.

இரண்டாம் தரம் கூப்பிட்டான். காய்ந்த இலை ஒன்று விழுந்தது... அது தரையில் பட்ட சத்தம்கூடக் கேட்டது.

மூன்றாம் தரம் கூப்பிட்டு, ஓதி முடித்து, ஆமீன் சொல்ல வாயெடுத்தான்.

“பொறுங்க... சின்னவங்க இரிக்காங்க.”

ஆண் குரல் இல்லை. பெண் குரலும் இல்லை. தூரத்திலிருந்து வரவில்லை. பத்தடிக்குள்ளே, இடுப்பு உயரத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு மரக்கட்டையும் நாலு காய்ந்த கொப்புகளும்தான் கிடந்தன.

இவ்வளவு காலமும் எந்தக் காட்டிலும் யாரும் பதில் சொன்னதில்லை. பதில் வராமல் இருப்பதுதான் வழக்கம். பதியுதீன் ஓர் அடி பின்வாங்கினான். ஆனால் அவன் மிசின் ஓட்டுகிறவன். ரோட்டில் யார் கை காட்டினாலும் ஏற்றிப் பழகியவன். பிள்ளை குட்டியோடு யாராவது பொறுங்கள் என்றால் அவன் வாய் தன்பாட்டில் ஒரு பதில் சொல்லும். அன்றைக்கும் சொன்னது.

“சரி சரி, ஆறுதலா வாங்க. வண்டி நிக்கிது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தான்.

வெட்டுக்காரர்கள் தங்கும் வாடிக் குடிசையில் முதலாளி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பதியுதீன் ஓடாத குறையாகப் போய் நின்றான்.

“முதலாளி, ஒரு நாள் பொறுங்க. உள்ள ஆரோ இரிக்காங்க. சின்னவங்களும் இரிக்காங்களாம்.”

“ஆரு சின்னவங்க?”

“தெரியா.”

“தெரியாதவங்களுக்கு நான் ஏன் பொறுக்கிற? சனிக்கிழமை காட்டுக் கந்தோரால வாறாங்க, அடிக்கட்டை எண்ண. நிண்டு எண்ண உடச் சொல்றியா?”

அதுதான் விசயம். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. புதன்கிழமை ரோட்டுக்கு வடக்கு, வியாழக்கிழமை தெற்கு. சனிக்கிழமை வருகிற காட்டு இலாகாக்காரர்கள் சாம்பலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இருந்தும் பதியுதீன் விடவில்லை. கரைச்சல் தாங்காமல் இரண்டு பேரைத் தேடிப் பார்க்க அனுப்பினார் முதலாளி. அவர்கள் பத்து யார் தூரம் உள்ளே போய், ஒரு பீடி குடித்துவிட்டு, ஒருத்தரும் இல்லை என்று திரும்பி வந்தார்கள்.

புதன்கிழமை. மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றி நாலு பக்கமும் வைத்தார்கள். கச்சான் ஒரு இழுப்பு இழுத்தது... அவ்வளவுதான். காட்டுப்பன்றி ஓடியது, உடும்பு ஓடியது, ஓட முடியாததெல்லாம் உள்ளே வெடித்தது. எங்கோ தேன்கூடு எரிந்து, அந்த நெருப்புக்குள்ளே ஒரு இனிப்பு வாசம் வந்தது. பதியுதீன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். கத்தல் கேட்கும் என்று பயந்துதான் நின்றான். கத்தல் இல்லை.

இருமல். சின்னச் சின்ன இருமல். சுஹறா இருமுகிற மாதிரியே.

“கேக்குதா? கேக்குதா உங்களுக்கு?” என்று பக்கத்தில் நின்றவனின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, “பச்சை மூங்கில் வெடிக்கிது காக்கா” என்றான். அந்தக் காட்டில் மூங்கிலே கிடையாது.

நெருப்புக் காவலுக்கு வெட்டுக்காரர்கள் எல்லோரும் வாடியில் தங்கினார்கள். பதியுதீன் மட்டும் வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வெளிக்கிட்டான். மஃரிபு நெருங்கிவிட்டது. புகையில் சூரியன் எங்கே இறங்கியது என்றே தெரியவில்லை. லைட்டைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர். மெல்ல மெல்ல ஊர்ந்தான்.

கால் கட்டை தூரம் போயிருக்கும். மிசின் முக்கியது.

வெறும் பெட்டி கடகடவென்று துள்ள வேண்டும், இல்லையா? துள்ளவில்லை. சத்தமே இல்லை. நெல் மூட்டை அடுக்கினால் பெட்டி எப்படி அமுங்கிப் போகுமோ அப்படி வந்தது. கிறவல் கல் டயருக்குக் கீழே நசுங்குகிற சத்தம் நறநறவென்று கேட்டது. பதியுதீன் கியரை மாற்றினான். மிசின் இன்னும் முக்கியது.

திரும்பிப் பார்க்கவில்லை. பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினான், நடுவில் மறந்து போனது, திரும்பத் தொடங்கினான். எரிந்த தேனின் வாசம் கழுத்துக்குப் பின்னால் வந்தது... சூடாக. ஒரு இருமல். அதற்குப் பதில் போல இன்னொரு இருமல். யாரோ, சத்தம் போட வேண்டாம் என்பது போல, உஷ்ஷ் என்றார்கள்.

கிட்டங்கிப் பாலத்தில் தண்ணீர்க் காற்று அடித்ததும் பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தது. நெஞ்சு நிறைய. எத்தனை பேர் என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. கனக்கப் பேர்.

சாய்ந்தமருதில் வீட்டு வாசலில் மிசினை நிறுத்தினான். எஞ்சின் அடங்கியது. பெட்டியில் ஏறி வருகிறவர்கள் இறங்குவதற்கு என்ன செய்வார்கள்? இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கேட்டது.

டக்... டக்.

பிறகு பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது.

உள்ளே ஓடினான். றாஹிலா பிள்ளையின் தலைமாட்டில் இருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு.

“இப்பதான் கண்ணயர்ந்தாள். இழுப்பு நிண்டுட்டு! வந்து காதை வெச்சுப் பாருங்க.”

பதியுதீன் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தான். சுத்தம். மூன்று கிழமைக்குப் பிறகு பிள்ளையின் நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் தலையைத் தூக்கினான்.

இழுப்புச் சத்தம் கேட்டது.

பிள்ளையிடமிருந்து இல்லை. கட்டிலுக்குக் கீழே. பெட்டகத்துக்குப் பின்னால். கதவு மூலையில். விசில் விசிலாக, ஒன்று இரண்டு இல்லை. றாஹிலாவின் சிரிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. அவள் கணவனின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் விடிய விடிய அப்படியே இருந்தார்கள்.

ஸுபஹு தொழுத கையோடு அவன் மாவடிப்பள்ளிக்குப் போய் மீராமுகைதீன் காக்காவை எழுப்பினான். காக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

“என்னெண்டு கூப்பிட்ட?”

“வெளிய வாங்க எண்டுதான்.”

“வாங்க எண்டா? போங்க எண்டுதான் சொல்றது, விசரா! போங்க எண்டா அவங்க தங்கட வழியில போவாங்க. வாங்க எண்டு கூப்பிட்டா, கூப்பிட்டவன்தான் இடம் குடுக்கோணும்.”

“இடம் எங்க காக்கா இரிக்கி?”

“அவங்களுக்கும் இடம் இருந்ததுதானே” என்றார் காக்கா.

அன்று வியாழக்கிழமை. பின்னேரம் தெற்குப் பக்கத்துக்கு நெருப்பு. அதை நிறுத்த வேண்டும் என்று பதியுதீன் ஊரெல்லாம் ஓடினான். பள்ளிவாசல் மரைக்காயர் ஒருவரிடம் போனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டத்தில் பேசுவோம் என்றார். எரிகிறது இன்றைக்கு என்று இவன் கத்தினான். கூட்டம் நாளைக்குத்தானே தம்பி என்றார் அவர், இருமிக்கொண்டே. காட்டுக் கந்தோருக்குப் போனான். அங்கே பெரியவர் லேஞ்சித் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, சனிக்கிழமை வருவோம், அதுவரைக்கும் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். சனிக்கிழமை வந்து எதைப் பார்ப்பீர்கள் என்று மேசையில் குத்தினான். பியூன் வந்து வெளியே கொண்டுபோய் விட்டான். கடைசியில் முதலாளியின் புது மாடி வீட்டுக்கு முன்னால் நின்றான். முதலாளி ஜீப்பில் ஏறுகிற அவசரத்தில் இருந்தார்.

“உண்ட புள்ளைக்குச் சுகமாம் எண்டு கேள்விப்பட்டன். சந்தோசம்தானே? புகையால வாற வருத்தமெண்டா எப்பிடிச் சுகமாகும்? போய் வேலையப் பாரு.”

பதியுதீனுக்கு அழுகை வந்தது. கோபத்தில் அழுகை வருமே, அந்த அழுகை. ஒரு ஊர் முழுக்க இருமுகிறது. இருமுகிற வாயாலேயே ஒன்றுமில்லை என்கிறது. யாரைப் பிடித்து எதில் மோதுவது?

வீட்டுக்கு வந்தான். சுஹறா பாயில் படுத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் பாயின் விளிம்பில், சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். நடுப்பாய் முழுக்க வெறுமை.

“ஏன் மகள் ஓரத்தில படுத்திருக்கிற?”

“அவங்களுக்கு இடம் வேணுமே வாப்பா.” பிறகு எழும்பி உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். “மிசினக் கொண்டு போங்க வாப்பா. அங்க தெக்கால இன்னும் கனக்கப் பேர் நிக்கிறாங்களாம். சின்னவங்களும்.”

றாஹிலா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தாநாள் வாசலை மறித்தவள், இன்று வந்து மிசின் சாவியை எடுத்து நீட்டினாள்.

“இனி என்ன செய்யிற? கூட்டிக்கொண்டு வாங்க.”

அவன் போய்ச் சேரும்போது மூன்று பக்கம் பற்றிவிட்டது. நாலாவது பக்கத்தில் துணியோடு இரண்டு பேர் நின்றார்கள். பதியுதீன் மிசினை அவர்களுக்கும் காட்டுக்கும் நடுவில் குறுக்கே விட்டான். பெட்டியின் பின் பலகையை இறக்கினான். புகையில் கண் தெரியவில்லை. வெட்டுக்காரர்கள் விசர் பிடித்துவிட்டது என்று கூச்சல் போட்டார்கள். அவன் மூன்று தரம் கூப்பிடவில்லை. ஃபாத்திஹாவுக்கும் நேரம் இல்லை. ஒரே ஒரு தரம், தொண்டை கிழியக் கத்தினான். தெரிந்துதான் கத்தினான்.

“வாங்க! எல்லாரும் வாங்க!”

பெட்டியின் டயர் எல்லாம் மண்ணுக்குள் அமுங்கின. துணியோடு நின்ற இரண்டு பேரும் அதைக் கண்ணால் கண்டார்கள். அவர்களில் ஒருவன் அதன் பிறகு காட்டு வேலைக்கே போகவில்லை.

அன்று இரவு அந்த மிசின் ஊருக்குள் வந்த விதத்தை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். ஏன் வீட்டுக்கு வீடு நிற்கிறது என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. கல்முனையில் கந்தோர்ப் பெரியவரின் வாசலில் நின்றது. டக் டக். முதலாளியின் மாடி வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றது. சாய்ந்தமருதில் மரைக்காயர் வாசலில், பிறகு தன் வாசலில். எல்லா இடத்திலும் இறக்கிய பிறகும் பெட்டி முழுதாக எழும்பவில்லை. மிச்சப் பேரையும் கொண்டு அவன் வடக்கே இந்த மருதமுனைக் கொட்டிலுக்கு வந்தான். இப்றாஹிமை எழுப்பி, சாவியைக் கையில் கொடுத்து, “மச்சான், இனி நான் ஓட்ட மாட்டன்” என்றான். கொட்டிலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறதே பெட்டி, அதுதான்.

சனிக்கிழமை கந்தோரிலிருந்து வந்தார்கள். சாம்பலைப் பார்த்தார்கள். சூறாவளி என்று எழுதிக்கொண்டு போனார்கள். முதலாளி அடுத்த வருசமும் கொளுத்தினார், அதற்கு அடுத்த வருசமும் கொளுத்தினார். அவருக்கு இப்போது இழுப்பாம், கொழும்பில் காட்டினார்களாம். நெஞ்சு சுத்தம் என்கிறார்களாம் டாக்டர்மார். சத்தம் மட்டும் கேட்கிறதாம். இதோ, இன்றைக்கும் மேற்கே யாரோ நெருப்பு வைத்திருக்கிறார்கள், நம் கண் எரிகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லி என்ன நடந்தது?

சுஹறா பெரிய பிள்ளையாகிவிட்டாள். இழுப்பு இல்லை. இன்னும் ஓரத்தில்தான் படுக்கிறாள்.

சரி... இப்போது இருமியது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். இப்றாஹிம் கொட்டிலில் பாய் விரித்தால் அந்த மூலையை ஏன் விட்டுவிடுகிறார் என்றுதானே கேட்டீர்கள்? ஸுபஹுக்குப் பாயைச் சுருட்டும்போது தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும். ஒரு சின்னப் பிள்ளை படுத்தெழும்பிய அளவுக்குத்தான்.